கணக்கு வாத்தியாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளைகள் யாராவது என்னோடு பேச நேர்ந்தால், பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "ஸ்கூல்ல கணக்கு வாத்தியார் ஆகணும்னா இன்னும் என்னென்ன எழுதணும்?" என்ன படிக்கணும் என்று யாரும் கேட்பதில்லை. என்ன எழுதணும் என்றுதான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம் போட்டு வைத்திருக்கும் பாதை அப்படி.

இந்தப் பதிவில் இரண்டு வேலை செய்யப் போகிறேன். தமிழ்நாட்டில் ஒருவர் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஆவதற்கான வழியை முதலில் ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். அதன் பிறகு, அந்த வழி எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று பார்க்கலாம். முதல் பாதி வேலை தேடுகிறவர்களுக்கு. இரண்டாவது பாதி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற எல்லோருக்கும்.

யார் எந்த வகுப்புக்கு?

புதிதாக வருகிறவர்களை முதலில் குழப்புவது 'இடைநிலை ஆசிரியர்' என்ற பதவிப் பெயர். பெயரில்தான் இடைநிலை, அவர் எடுப்பது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. பிளஸ் டூவுக்குப் பிறகு தொடக்கக் கல்வியில் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள்.

ஆறு முதல் பத்து வரை கணக்கு எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். ஸ்டாஃப் ரூம் பேச்சில் 'பி.டி.'. பதினொன்று, பன்னிரண்டு எடுப்பவர் முதுகலை ஆசிரியர், அதாவது 'பி.ஜி.'. 1978-இல் பிளஸ் டூ வந்து, கல்லூரியில் இருந்த பி.யு.சி. பாடம் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்தது. எம்.எஸ்சி. படித்தவர்கள் பள்ளிக்குப் பெருமளவில் தேவைப்பட்டது அதிலிருந்துதான்.

பட்டதாரி ஆசிரியர் ஆக நான்கு படிகள்: கணிதத்தில் இளநிலைப் பட்டம், பி.எட்., 'டெட்' எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்குப் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டிஆர்பி நடத்தும் போட்டித் தேர்வு.

முதுகலை ஆசிரியருக்கு மூன்று படிகள்: எம்.எஸ்சி. கணிதம், பி.எட்., டிஆர்பி தேர்வு. டெட் கிடையாது. "மேல் வகுப்புக்கு டெட் வேண்டாம், கீழ் வகுப்புக்கு மட்டும் ஏன் வேணும்?" என்று கேட்பார்கள். டெட் வந்தது கல்வி உரிமைச் சட்டத்தின் வழியாக. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது, அதாவது எட்டாம் வகுப்பு வரை. பட்டதாரி ஆசிரியர் ஆறாம் வகுப்பும் எடுப்பதால் அவர் அதற்குள் வந்துவிடுகிறார். கேந்திரிய வித்யாலயா மாதிரியான மத்தியப் பள்ளிகளிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். அங்கே பதவிப் பெயர் டிஜிடி, பிஜிடி. டிஜிடிக்கு மத்திய அரசின் சிடெட்.

பி.எட். 2015-16 கல்வியாண்டிலிருந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரே வருஷம். இரண்டு வருஷத்தில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்து பழக வேண்டும் என்பது விதி: முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. பட்டத்தையும் பி.எட்.டையும் சேர்த்து நான்கு வருஷத்தில் படிக்கிற வழியும் உண்டு. மைசூரில் உள்ள மண்டலக் கல்வியியல் நிறுவனம் அப்படிப்பட்ட படிப்புக்குப் பெயர் போனது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் இந்த நான்காண்டுப் படிப்பே அடிப்படைத் தகுதியாக வேண்டும் என்கிறது.

தேர்வுக்கும் வேலைக்கும் நடுவே

பாதை கேட்பதற்கு நேராக இருக்கிறது. நடக்கும்போதுதான் தெரியும். டெட் கட்டாயம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது 2010 ஆகஸ்டில். தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது 2012 ஜூலையில். லட்சக்கணக்கானவர்கள் எழுதிய அந்தத் தேர்வில் தேறியவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. அதே வருஷம் அக்டோபரில் மறுபடியும் நடத்தினார்கள். பிறகு 2013. அதற்கடுத்த தேர்வு 2017-இல்தான். அப்புறம் 2019, 2022, 2025 அறிவிப்புகள்.

தேறினால் உடனே வேலை என்றும் இல்லை. ஆரம்பத்தில் டெட் மதிப்பெண்ணோடு பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் கூட்டித் தரவரிசை போடும் வெயிட்டேஜ் முறை இருந்தது. பிளஸ் டூவில் மார்க் அள்ளிப் போடாத காலத்தில் படித்தவர்கள் இதில் பின்தங்கிப் போனார்கள். 2018-இல் வந்த அரசாணை 149 அந்த முறையை எடுத்துவிட்டு, டெட் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்றது. பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில்.

இந்தத் தேதிகளை ஒரு ஆளின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். 2013-இல் முப்பது வயதில் டெட் தேறிய ஒருவருக்குப் போட்டித் தேர்வு எழுதும் வாய்ப்பு வரும்போது நாற்பத்தொன்று. நடுவில் அவருடைய சான்றிதழ் ஏழு வருஷத்தில் காலாவதியாகும் என்ற பயம் வேறு. 2021-இல்தான் அது ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றினார்கள். என்னோடு கல்லூரியில் படித்தவர்களில் இப்படி இருந்தவர்கள் உண்டு. காலையில் தனியார் பள்ளி, சாயங்காலம் டியூஷன், ராத்திரி கோச்சிங் நோட்ஸ். கணக்கு நன்றாக வரும். சொல்லிக் கொடுக்கவும் வரும். ஆனால் அந்தப் பத்து வருஷ வகுப்பறை அனுபவம் தரவரிசையை நிர்ணயிக்கிற இடத்தில் எண்ணிக்கைக்கு வரவில்லை.

வேலை கிடைத்துவிட்டால் நிலைமை நல்லதுதான். பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. முதுகலை ஆசிரியருக்கு 36,900. மேற்கொண்டு படிகள் உண்டு. 10 வருஷத்தில் தேர்வுநிலை, 20 வருஷத்தில் சிறப்புநிலை. ஓய்வு வயது 60. பல தனியார் பள்ளிகளில் இதில் பாதிகூடக் கிடைக்காது என்பதால்தான் இவ்வளவு நெரிசல். ஆனால் அந்த இரண்டு தொகைகளையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆறாம் வகுப்புக்கு மாறிலி என்றால் என்ன என்று புரியவைப்பவருக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தொகையீடு நடத்துபவருக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளத்தில் வித்தியாசம் 500 ரூபாய். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை; இரண்டும் ஒரே அளவு கஷ்டமான வேலை. என் குறை வேறு. மேலே போக வேண்டுமானால் தலைமை ஆசிரியர் ஆக வேண்டும், அதாவது பெரும்பாலும் கணக்கு வகுப்பை விட்டு வெளியே போக வேண்டும். கணக்கு சொல்லிக் கொடுப்பதில் தேர்ந்தவர் என்பதற்காகவே ஒருவரை உயர்த்தும் படி இந்த ஏணியில் இல்லை.

பழைய ஆசிரியர்களுக்கும் தேர்வு

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர்களாக இருந்தாலும், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும். ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் ஓய்வு பெறும் வரை தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. ஸ்டாஃப் ரூம்களில் அன்றைக்கு வந்த அமைதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

இருபது வருஷம் கணக்கு எடுத்த ஒருவர் எழுத வேண்டிய தாள் எப்படி இருக்கும் தெரியுமா? டெட் இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60 கணிதத்துக்கும் அறிவியலுக்கும் சேர்த்து. கணக்கு ஆசிரியர் தாவரவியல், விலங்கியல் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். விலங்கியல் ஆசிரியர் இயற்கணிதம் போட வேண்டும். பொதுப் பிரிவில் தேற 90 வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. அறிவியல் பகுதியிலும் மொழிப் பகுதிகளிலும் நன்றாகச் செய்துவிட்டால், கணிதத்தில் சொற்ப மதிப்பெண்ணோடும் ஒரு 'கணித ஆசிரியர்' தேறிவிடலாம். கணிதத்தில் பிரமாதமாகச் செய்தும் தேறாமல் போகலாம்.

முதுகலை ஆசிரியர் தேர்வு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அங்கே 150-இல் 110 பாடத்துக்கு, 30 கல்வி முறைக்கு, 10 பொது அறிவுக்கு. பாடம் என்றால் இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு, கலப்பெண் பகுப்பாய்வு, வகை நுண்கணித வடிவியல், சார்புப் பகுப்பாய்வு என்று போகும். எம்.எஸ்சி. பாடத்திட்டம் அப்படியே வரும். பதினொன்றாம் வகுப்பில் இதில் பெரும்பகுதியை யாரும் தொடப்போவதில்லை.

ஒன்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கேட்கிறது, இன்னொன்று உயரத்தில் நின்று கேட்கிறது. கணக்கு வகுப்பில் ஆசிரியருக்குத் தினமும் தேவைப்படுகிற ஒரு விஷயத்தை இரண்டும் கேட்பதில்லை.

மூன்றாவது அறிவு

அந்த விஷயத்துக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன். 1986-இல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் பழைய ஆசிரியர் தேர்வுத் தாள்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார். கலிபோர்னியாவில் 1875-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வைத்த தேர்வில் மொத்தம் 1000 மதிப்பெண். கற்பிக்கும் முறைக்கு 50. மீதி எல்லாம் பாட அறிவு. நூறு வருஷம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: கற்பித்தல் முறை, வகுப்பு மேலாண்மை என்று நிறைய, பாடம் ஓரத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒன்று காணாமல் போயிருக்கிறது என்றார் ஷுல்மன். பாடத்தை அறிவது ஒன்று. பொதுவாகப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அறிவது இன்னொன்று. இந்தப் பாடத்தை, இந்தப் பகுதியை, பிள்ளைகள் எங்கே எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று அறிந்து கற்பிப்பது மூன்றாவது.

கேட்க லேசாக இருக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன். 0.35, 0.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் சில பிள்ளைகள் 0.35 என்பார்கள். "35 பெருசு, 5 சின்னது" என்பது அவர்கள் கணக்கு. இதைத் தெரியாத ஆசிரியர் 0.45, 0.62 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் அதே பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆசிரியரும் புரிந்துவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தில் ஒன்று பெரியது, நூறில் ஒன்று சின்னது என்று பாடத்தில் கேட்டதைப் பிடித்துக்கொண்டு, புள்ளிக்குப் பிறகு ஒரே இலக்கம் இருந்தால் அந்த எண்தான் பெரியது என்று முடிவு கட்டியவர்கள். அவர்களிடம் 0.35, 0.5 என்று கேட்டால் 0.5 என்று 'சரியாக'ச் சொல்வார்கள். 0.4, 0.65 என்று கேட்டால்தான் மாட்டுவார்கள், 0.4 பெரியது என்பார்கள். ஆக, இரண்டு வகைத் தவறையும் கண்டுபிடிக்க இரண்டு கேள்வியும் வேண்டும். எந்த எண்களைப் போட்டுக் கேட்பது என்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. எம்.எஸ்சி. தங்கப்பதக்கம் வாங்கியவருக்கும் இது தானாக வராது. குழந்தை உளவியலைப் பொதுவாகப் படித்தவருக்கும் வராது.

கணிதத்தில் இந்த இடைவெளி பழையது. ஜெர்மன் கணித மேதை ஃபீலிக்ஸ் கிளைன், பள்ளி ஆசிரியர்களுக்காகக் கோட்டிங்கனில் ஆற்றிய உரைகளை 1908-இல் நூலாக்கத் தொடங்கினார். அவர் சொன்ன பிரச்சினை இது: பல்கலைக்கழகத்தில் நுழைகிற மாணவர் பள்ளிக் கணக்கோடு தொடர்பே இல்லாத கணிதத்தைச் சந்திக்கிறார், பழையதை மறக்கிறார். படித்து முடித்து ஆசிரியராகத் திரும்பும்போது பல்கலைக்கழகத்தில் படித்ததற்கும் வகுப்பறைக்கும் தொடர்பு தெரியாததால் அதை மறந்து, தனக்குப் பள்ளியில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படியே தானும் சொல்லிக் கொடுக்கிறார். போகும்போது ஒரு முறிவு, வரும்போது ஒரு முறிவு. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்ம ஊர் பி.எஸ்சி. வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

1999-இல் லிபிங் மா என்ற ஆய்வாளர் எழுதிய புத்தகம் இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. அமெரிக்காவிலும் சீனாவிலும் தொடக்கப் பள்ளியில் கணக்கு எடுப்பவர்களிடம் அவர் ஒரு கணக்கைக் கொடுத்தார்: ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும்; அதற்குப் பொருத்தமாக ஒரு கதைக்கணக்கும் சொல்ல வேண்டும். 72 சீன ஆசிரியர்களும் சரியான விடை போட்டார்கள். 23 அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேர்கூட இல்லை. கதைக்கணக்கு விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது: அமெரிக்கர்களில் ஒரே ஒருவர், சீனர்களில் பத்தில் ஒன்பது பேர்.

நீங்களும் முயன்று பாருங்கள். பலருக்கு முதலில் வருவது "ஒன்றே முக்கால் தோசையை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டால்" என்பதுதான். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது என்றால், ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் ஊற்றினால் எத்தனை பாக்கெட்? மூன்றரை.

நம் பேச்சுக்கு முக்கியமான செய்தி அடுத்து வருகிறது. அந்தச் சீன ஆசிரியர்கள் பட்டதாரிகள் இல்லை. பள்ளிப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்தே 11, 12 வருஷம்தான். அமெரிக்கர்கள் படித்தது அவர்களைவிட அதிகம். வித்தியாசம் வேலைக்கு வந்த பிறகு உண்டானது என்கிறார் மா: அவர்கள் பாடப்புத்தகத்தை வரிவரியாக ஆராய்கிறார்கள், சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள், பிள்ளைகள் போட்ட கணக்கிலிருந்து கற்கிறார்கள். மூன்றாவது அறிவு வேலைக்கு நுழையும் வாசலில் முழுதாகக் கிடைப்பதில்லை. வேலையில் இருந்துகொண்டே சேர்ப்பது அது.

நம்மிடம் இருந்த வழிகள்

இப்படிச் சேர்த்தவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. ஸ்ரீனிவாசன் (1924–2005) அவர்களில் ஒருவர். ராமானுஜனை நேரில் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968-இல் தொகுப்பாகக் கொண்டுவந்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்பது பலருக்குத் தெரியாது. 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் தொடங்கியவரும் அவர்தான். பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கணக்கைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் வழி. 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கமும் சென்னையில்தான் இயங்குகிறது. அந்தச் சங்கம் ஆசிரியர்களுக்கு என்றே பத்திரிகை நடத்தியது. கணக்கு வாத்தியார்கள் கணக்கைப் பற்றிப் பேசிக்கொள்ள ஓர் இடம்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சிபாரிசுக்கும் பணத்துக்கும் தடுப்பாக நிற்பது தேர்வுதான். ஏழை வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்கு ஓஎம்ஆர் தாளைவிட நியாயமான நீதிபதி இன்று வேறு இல்லை. ஆனால் ஒருவரை உள்ளே விடலாமா என்று முடிவு செய்யும் கருவியை, இருபது வருஷம் வேலை செய்தவரின் தரத்தை அளக்கவும் பயன்படுத்தும்போது தவறான பொருளை அளக்கிறோம். அவரிடம் கேட்க வேண்டியது தாவரவியல் கேள்வி இல்லை. அவருடைய வகுப்புப் பிள்ளைகளின் ஐந்து விடைத்தாளைக் கையில் கொடுத்து, "இந்தப் பையன் ஏன் இப்படிப் போட்டிருக்கான்? நாளைக்கு இவனுக்கு என்ன கேள்வி கொடுப்பீங்க?" என்று கேட்கலாம். அதில் தடுமாறுகிறவருக்குப் பயிற்சி தரலாம். ஒரு பள்ளியில் ஒன்றிரண்டு கணக்கு ஆசிரியர்களே இருப்பார்கள் என்பதால், பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து நடக்கும் குறுவள மையக் கூட்டங்களில் புள்ளிவிவரப் படிவம் நிரப்புகிற நேரத்தைக் குறைத்து இதற்குக் கொடுக்கலாம். புதுக் கட்டடம் வேண்டாம், புது அரசாணைகூடத் தேவைப்படாது.

இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு. டெட் எழுதுங்க, டிஆர்பி எழுதுங்க, தமிழ்த் தகுதித் தாளை அலட்சியம் பண்ணாதீங்க. அதில் தேறாவிட்டால் உங்கள் கணக்குத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டியூஷனிலோ தனியார் பள்ளியிலோ பி.எட். பயிற்சியிலோ, ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட விடையைப் பார்த்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகராதீர்கள். "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டு, அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் அந்தத் தவறைக் காட்டிக் கொடுக்கிற ஒரு புதுக் கேள்வி எழுதுங்கள். பணி நியமன ஆணை வரும் நாளில் அந்த நோட்டை யாரும் கேட்கப் போவதில்லை. மறுநாள் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் நுழையும்போது அது உங்கள் பையில் இருக்கட்டும்.